காப்பகத்தில் எட்டு வாரம்: ஸ்டேப்பிள் பிடுங்கப் போகலாமா?

கேள்வி கேட்ட மாணவர் எழுதியிருப்பதைச் சுருக்கினால் இப்படி வருகிறது. வரலாறு இளங்கலை இரண்டாம் ஆண்டு முடிந்திருக்கிறது. ஒரு வரலாற்று மையத்தின் ஆவணக் காப்பகத்தில் எட்டு வாரக் கோடை இன்டர்ன்ஷிப் கிடைத்திருக்கிறது. அதே இடத்துக்கு முன்பு போய்வந்த சீனியர், "ரெண்டு மாசமும் ஸ்டேப்பிள் பிடுங்கினேன், பெட்டிக்கு லேபிள் ஒட்டினேன், அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டார். போகலாமா, போனால் என்ன கற்றுக்கொள்ளலாம், பழைய கையெழுத்து வாசிக்க வராதே, இது பின்னால் வேலைக்கு உதவுமா என்று நாலு கேள்வி. நாலுக்கும் அடியில் ஒரே சந்தேகம்தான் இருப்பதாக எனக்குப் படுகிறது: வரலாறு படிக்கிற ஒருவருக்கு இந்தக் கைவேலையில் வரலாறு எங்கே இருக்கிறது? அதற்குத்தான் முதலில் பதில் சொல்லப் பார்க்கிறேன். இருபது வருஷத்துக்கு மேலாகக் காப்பக வேலையில் இருக்கிறேன். கோடைதோறும் இரண்டு மூன்று மாணவர்கள் வந்து போவார்கள். கீழே சொல்வதில் பாதி அவர்களிடம் பார்த்துத் தெரிந்துகொண்டது.

போங்கள். அதில் எனக்குத் தயக்கமில்லை. ஆனால் உங்கள் சீனியர் பொய் சொல்லவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். காப்பகத்துக்கு ஒருவருடைய காகிதங்கள் வரும்போது அட்டைப்பெட்டியில், சாக்கில், சில சமயம் பழைய சூட்கேஸில் வரும். அவற்றைப் பார்த்து, எண்ணி, அமிலமில்லாத ஃபோல்டருக்கு மாற்றி, எந்தப் பெட்டியில் என்ன இருக்கிறது என்று எழுதி வைத்தால்தான் அடுத்தவர் வந்து கேட்கும்போது எடுத்துக் கொடுக்க முடியும். எங்கள் வேலையில் பெரும்பகுதி இதுதான், இன்டர்னுக்கும் அதுதான் கிடைக்கும். அரிய கையெழுத்துப் பிரதி ஒன்றை விளக்கொளியில் விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம் என்ற கற்பனையோடு போனால் முதல் வாரமே சலித்துவிடும்.

ஸ்டேப்பிளிலேயே ஆரம்பிக்கலாம். துருப்பிடித்த ஸ்டேப்பிளை எடுக்கிற முறை ஒன்று உண்டு. காகிதத்தைக் குப்புறப் போட்டு, மெல்லிய பாலியெஸ்டர் துண்டு ஒன்றை ஸ்டேப்பிளின் மடிந்த கால்களுக்கும் காகிதத்துக்கும் நடுவில் நுழைக்க வேண்டும். மைக்ரோ ஸ்பாட்டுலா என்கிற தட்டையான சிறு கரண்டியால் ஒவ்வொரு காலாக நிமிர்த்த வேண்டும். பிறகு திருப்பி, முன்பக்கம் அதேபோல் துண்டை வைத்து, மேலே நோக்கி மெதுவாகத் தூக்கினால் கழன்று வந்துவிடும். அலுவலகங்களில் இருக்கிற பல் வைத்த ரிமூவரால் இழுத்தால் துருவோடு காகிதமும் பிய்ந்து வரும். மாணவர்கள் அநேகமாக இந்த அளவுக்குக் கற்றுக்கொண்டுவிடுவார்கள். பலர் கவனிக்காமல் விடுவது அடுத்த விஷயத்தை: அந்த ஸ்டேப்பிள் ஒரு தகவல். மூன்று தாள்களை யாரோ ஒருவர் ஒன்றாகச் சேர்த்திருக்கிறார். ஒரு கடிதம், அதற்குப் பதிலின் வரைவு, ஓரத்தில் கூட்டல் கணக்குப் போட்ட ஒரு சீட்டு. ஸ்டேப்பிளை எடுத்துவிட்டு அந்த மூன்றையும் ஒரே மடிப்புத் தாளுக்குள் வைத்தால் அந்தச் சேர்க்கை பிழைக்கும். வெறுமனே ஃபோல்டருக்குள் போட்டுவிட்டால், அடுத்த வாசகர் கையில் தாள்கள் ஒருமுறை சரிந்ததுமே, அந்தக் கணக்கு எந்தக் கடிதத்துக்கு என்று யாருக்கும் தெரியாமல் போய்விடும்.

இங்கேதான் உங்கள் படிப்பு உள்ளே வருகிறது. ஒரே இடத்திலிருந்து உருவான காகிதங்களைப் பிற இடத்துக் காகிதங்களோடு கலக்கக் கூடாது, உருவாக்கியவர் வைத்திருந்த வரிசையைக் கலைக்கக் கூடாது என்ற இரண்டும்தான் எங்கள் தொழிலின் அடிப்படை. இது சும்மா வந்த பழக்கமில்லை. 1841 ஏப்ரலில் பிரான்சின் உள்துறை அமைச்சகம் காப்பகங்களுக்கு ஒரு சுற்றறிக்கை அனுப்பியது. எழுதியவர் நத்தாலிஸ் டி வையி. ஒரு அமைப்பிடமிருந்தோ குடும்பத்திடமிருந்தோ வந்த ஆவணங்களை ஒரே தொகுப்பாக வைக்க வேண்டும் என்பது அதன் சாரம். அதற்கு முன்பெல்லாம் நூலகப் புத்தகம்போலப் பொருள்வாரியாகப் பிரித்து அடுக்கிவிடுகிற வழக்கம் பரவலாக இருந்தது. பிறகு 1898-இல் முல்லர், ஃபெய்த், ஃப்ருயின் என்ற மூன்று டச்சுக் காப்பாளர்கள் இதை நூறு விதிகளாக எழுதிக் கையேடாகக் கொண்டுவந்தார்கள். இன்றைக்கும் காப்பகப் படிப்புகளில் அந்தக் கையேட்டைச் சொல்லாமல் பாடம் தொடங்காது.

வரிசை கலைந்தால் என்ன ஆகும் என்பதை நானே பார்த்திருக்கிறேன். முன்பு நான் வேலை செய்த ஓர் இடத்தில் ஒரு தொழிலாளர் சங்கச் செயலாளரின் கடிதங்கள் இருந்தன. அவர் அவற்றைப் பிரச்சினைவாரியாகக் கட்டிவைத்திருந்தார். கூலி உயர்வுக்கு ஒரு கட்டு, விபத்து இழப்பீட்டுக்கு ஒரு கட்டு, வேலைநீக்கம் ஆனவர்களுக்கு ஒரு கட்டு. நான் சேர்வதற்கு முன்பு உதவிக்கு வந்த யாரோ ஒருவர், நல்ல எண்ணத்தோடுதான், நூலையெல்லாம் அவிழ்த்து எல்லாவற்றையும் தேதிவாரியாக அடுக்கியிருந்தார். பார்க்க அழகாக இருக்கும். ஆனால் தேதி போடாத வரைவுகளும் சீட்டுகளும் நூற்றுக்கு மேல் மிஞ்சிவிட்டன. 'அந்த ஆளின் விஷயம் என்ன ஆச்சு?' என்று மட்டும் எழுதிய சீட்டு எந்தக் கட்டில் இருந்தது என்று தெரிந்தால்தானே அந்த ஆள் விபத்தில் அடிபட்டவரா, வேலை போனவரா என்று சொல்ல முடியும்? கட்டு இருந்தபோது அதற்கு விடை இருந்தது. இப்போது கிடையாது. அந்தப் பெட்டியை எடுக்கும்போதெல்லாம் எனக்கு மனசு கஷ்டமாக இருக்கும்.

பெரிய அளவில் இதே கதையைப் பார்க்க வேண்டுமென்றால் ஜெர்மனியின் கொலோன் நகரக் காப்பகம் இருக்கிறது. 2009 மார்ச் 3 அன்று, பக்கத்தில் நடந்த சுரங்க ரயில் வேலையால் அந்தக் கட்டடமே சரிந்து விழுந்தது. பக்கத்து வீடுகளில் இருந்த இரண்டு பேர் இறந்தார்கள். கிலோமீட்டர் கணக்கில் ஆவணங்கள் மண்ணுக்கும் நிலத்தடி நீருக்கும் போயின. பெரும்பகுதியை மீட்டுவிட்டார்கள். ஆனால் மீட்டது கந்தலும் துண்டுமாக, ஒன்றோடொன்று கலந்து. ஒவ்வொன்றும் எந்தத் தொகுப்பைச் சேர்ந்தது என்று அடையாளம் காண்பதே தனி வேலையாகி, வருஷக்கணக்கில் இழுக்கிறது. தாளின் மூலையில் பென்சிலால் எழுதிய ஓர் எண்ணுக்கு என்ன மதிப்பு என்று அந்த இடிபாட்டைத் தோண்டியவர்களுக்குத் தெரியும். உங்களை எண் போடச் சொன்னால் அலுத்துக்கொள்ளாதீர்கள்.

சரி, ஸ்டேப்பிளை எடுத்தே தீர வேண்டுமா? இது உறுதியான விஷயமில்லை, எங்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு உண்டு. 2005-இல் அமெரிக்காவில் மார்க் கிரீன், டென்னிஸ் மைஸ்னர் என்ற இருவர் எழுதிய கட்டுரை பெரிய விவாதத்தைக் கிளப்பியது. தாள் தாளாகச் சீராட்டிக்கொண்டிருப்பதால்தான் பல காப்பகங்களில் பாதித் தொகுப்புகள் வாசகர் கைக்கே வராமல் கிடக்கின்றன, எல்லா உலோகத்தையும் பிடுங்க வேண்டியதில்லை, முதலில் திறந்துவிடுங்கள் என்பது அவர்கள் வாதம். நான் பெரும்பாலும் அவர்கள் பக்கம். ஈரப்பதம் கட்டுக்குள் இருக்கிற அறையில் துருப்பிடிக்காத ஸ்டேப்பிள் இன்னும் ஐம்பது வருஷம் அப்படியே இருக்கலாம். ஈரமான இடத்திலிருந்து வந்த தொகுப்பு என்றால் எடுத்தே ஆக வேண்டும், துரு காகிதத்தைத் தின்னும். உங்கள் மேற்பார்வையாளர் எந்தப் பக்கம் என்று கேளுங்கள். சண்டைக்காகக் கேட்க வேண்டாம், காரணத்துக்காகக் கேளுங்கள். காரணம் சொல்லத் தெரிந்தவர் கையில் நீங்கள் எட்டு வாரத்தில் நிறையக் கற்றுக்கொள்வீர்கள்.

கையுறையும் அப்படித்தான். படங்களில் வெள்ளைப் பருத்திக் கையுறையோடு பழைய ஏட்டைப் புரட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். காகிதத்துக்கு அது நல்லதை விடக் கெடுதலே அதிகம் செய்யும் என்பது இன்று பரவலாக ஒத்துக்கொள்ளப்பட்ட விஷயம். விரல் நுனியின் உணர்வு போய்விடும், தாள் மடங்குவதும் கிழிவதும் தெரியாது, பருத்தி இழை கிழிசலில் மாட்டும். கையைக் கழுவித் துடைத்துவிட்டு வெறுங்கையால் தொடுங்கள். புகைப்படம், நெகட்டிவ், உலோகப் பொருள் என்றால் மட்டும் நைட்ரைல் என்கிற செயற்கை ரப்பர் கையுறை போட்டுக்கொள்ள வேண்டும், விரலில் இருக்கிற எண்ணெய்ப்பசை அவற்றில் நிரந்தரமாகப் பதிந்துவிடும். இன்னும் ஓரிரண்டு எச்சரிக்கை. பெட்டியைத் திறந்ததும் வினிகர் வாடை அடித்தால் அது அசிடேட் என்ற பிளாஸ்டிக்கால் ஆன பழைய ஃபிலிம் சிதைகிற வாடை. ஒன்று கெட்டால் அதன் ஆவி பக்கத்தில் இருப்பதையும் கெடுக்கும். 1950களின் தொடக்கம் வரைக்கும் புழக்கத்தில் இருந்த நைட்ரேட் ஃபிலிம் அதைவிட மோசம், தீப்பிடித்தால் அணைக்க முடியாது. பஞ்சுபோலப் பூஞ்சை தெரிந்தாலும் சரி, இந்த வாடை வந்தாலும் சரி, ஊதிப் பார்க்காமல், துடைக்காமல், மூடி வைத்துவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள். இவற்றை நீங்களே சமாளிக்க வேண்டியதில்லை.

அப்புறம், பட்டியல் எழுதுகிற வேலை. இதற்காகத்தான் இந்தப் பதிலையே எழுத உட்கார்ந்தேன். நீங்கள் ஒரு ஃபோல்டருக்கு எழுதும் ஒற்றை வரிதான் அடுத்த முப்பது வருஷத்துக்கு அந்தக் காகிதங்களுக்கு வாசல். ஒருமுறை ஒரு பெரியவர் வந்தார். அவருடைய அப்பா ஒரு ஆலையில் வேலை பார்த்தார், எப்போது சேர்ந்தார் என்று தெரிய வேண்டும். அந்த ஆலையின் தொகுப்பு எங்களிடம் இருந்தது. பட்டியலில் 'பெட்டி 14 முதல் 22 வரை: பதிவேடுகள், பலவகை' என்று மட்டும் இருந்தது. ஒன்பது பெட்டி. இரண்டு நாள் பிடித்தது. பதினெட்டாவது பெட்டியில், சரக்குப் பதிவேடுகளுக்கு அடியில், சம்பளப் பதிவேடு கிடைத்தது. அப்பாவின் பெயர் மூன்று இடத்தில் மூன்று விதமாக எழுதியிருந்தது, கடைசியில் கைநாட்டு. பெரியவர் அந்தக் கைநாட்டின் மேல் விரலை வைக்கப் போனவர், வைக்காமல் என்னைப் பார்த்தார். வைக்கலாம் என்று தலையசைத்தேன். பட்டியல் எழுதியவர் 'சம்பளப் பதிவேடு, பெயர்வாரி' என்று கூடுதலாக மூன்று சொல் எழுதியிருந்தால் பத்து நிமிஷ வேலை. வெளியூரிலிருந்து ஒரே ஒரு நாள் வந்திருந்தவராக இருந்தால் அவர் பார்க்காமலே போயிருப்பார்.

அதனால் எழுதும்போது, கேட்டு வரப்போகிறவர் எந்தச் சொல்லோடு வருவார் என்று யோசியுங்கள். 'பலவகை', 'இதர', 'முக்கியக் கடிதங்கள்' என்ற மூன்றும் யாருக்கும் உதவாத சொற்கள். எது முக்கியம் என்று நாம் முடிவு செய்ய முடியாது. தாளில் இருப்பதையும் நீங்கள் ஊகிப்பதையும் தனியாகக் காட்டுங்கள். தேதி தாளில் இருந்தால் அப்படியே எழுதுங்கள். ஊகம் என்றால் சதுர அடைப்புக்குள் போட்டு, 'சுமார்' சேர்த்து, எதை வைத்து ஊகித்தீர்கள் என்று ஒரு வரி குறிப்பு வையுங்கள். புகைப்படத்தின் பின்னால் 'அக்காவும் நானும்' என்று எழுதியிருந்தால் தலைப்பில் அதையே மேற்கோளாகக் கொடுங்கள். அந்த அக்கா யார் என்று நாளைக்கு வேறொருவர் கண்டுபிடிக்கலாம். வரலாற்று வகுப்பில் மூல ஆதாரத்தை நம்பலாமா என்று கேட்கச் சொல்லித் தருகிறார்கள். ஆதாரம் எது, அதை விவரித்தவரின் ஊகம் எது என்று பிரிக்கிற பழக்கம் இங்கே எழுதி எழுதித்தான் வரும். பின்னால் ஆய்வு செய்யப் போனால், ஒரு காப்பகத்தின் பட்டியலைப் பார்த்தவுடன் அது எங்கே மௌனமாக இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியும். பட்டியலை எழுதிப் பார்த்தவர்களுக்குத்தான் அந்தக் கண் வாய்க்கிறது.

கையெழுத்து வாசிக்க வராதே என்பது உங்கள் பயம். அது பெரிய தடையில்லை. ஒரே ஆள் எழுதிய நீளமான கடிதம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். மாதப் பெயர், ஊர்ப் பெயர், கடிதத்தின் தொடக்கமும் முடிவும் எல்லாருக்கும் பழகிய சொற்கள், அவற்றை எளிதாக வாசித்துவிடலாம். அந்தச் சொற்களிலிருந்து ஒவ்வொரு எழுத்தும் அவர் கையில் எப்படி வருகிறது என்று தனித்தாளில் வரைந்து ஓர் அட்டவணை செய்யுங்கள். பிறகு தெரியாத சொல்லை அந்த அட்டவணையோடு ஒப்பிடுங்கள். வராத இடத்தை வெற்றிடமாக விட்டு மேலே போங்கள், மூன்று பக்கம் தாண்டி அதே சொல் தெளிவாக வரும். இரண்டு வாரத்தில் அந்த ஆளின் கை உங்களுக்குப் பழகிவிடும். கணினியே கையெழுத்தை வாசித்துத் தருகிற மென்பொருட்கள் இன்று நன்றாக வளர்ந்திருக்கின்றன, பயன்படுத்தத் தடையில்லை. ஆனால் அவை தவறாக வாசிக்கும்போதும் சரளமாகவே வாசிக்கும். பெயரையும் எண்ணையும் கண்ணால் சரிபார்க்காமல் பட்டியலில் ஏற்றாதீர்கள்.

ஸ்கேன் செய்யச் சொல்வார்கள். அதைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை, இயந்திரம் பழகிவிடும். கோப்புப் பெயரை அவர்கள் சொன்ன முறையிலேயே, ஒரு எழுத்து மாறாமல் வையுங்கள். தாளின் பின்பக்கம் காலியாகத் தெரிந்தாலும் திருப்பிப் பாருங்கள். ஸ்கேன் எடுத்துவிட்டால் மூலத்தைத் தூக்கிப் போட்டுவிடலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

இன்னொன்று, இது விளையாட்டான விஷயமில்லை. நீங்கள் தொடும் காகிதங்களில் உயிரோடு இருப்பவர்களின் நோய் விவரம், கடன், குடும்பச் சண்டை எல்லாம் வரும். சுவாரசியமாக இருக்கிறதே என்று போனில் படம் எடுத்து நண்பர்களுக்கு அனுப்பக் கூடாது. எதை எத்தனை வருஷம் மூடி வைக்க வேண்டும் என்பது நாட்டுக்கு நாடு, கொடுத்தவரோடு போட்ட ஒப்பந்தத்துக்கு ஒப்பந்தம் மாறும். அதில் நான் இங்கிருந்து பொதுவிதி சொல்ல முடியாது, அங்கே கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

வேலை கிடைக்குமா என்ற கேள்விக்கு நேர்மையாகச் சொன்னால், இது ஒன்றினால் மட்டும் கிடைக்காது. காப்பக வேலைகள் எண்ணிக்கையில் குறைவு. பல இடங்களில் காப்பகவியலிலோ நூலக அறிவியலிலோ தனிப் பட்டம் கேட்கிறார்கள். என்னிடம் வந்த மாணவர்களில் இந்தத் தொழிலுக்கே வந்தவர்கள் சிலர்தான். ஆய்வுக்குப் போனவர்கள், பத்திரிகைக்குப் போனவர்கள், ஆசிரியரானவர்கள் அதிகம். இது நமக்கு ஒத்துவராது என்று எட்டு வாரத்தில் தெரிந்துகொண்டு போனவர்களும் உண்டு, அவர்களுக்கும் அது நல்லதாகத்தான் போயிற்று. மேற்படிப்புக்கு விண்ணப்பிக்கும்போது 'காப்பகத்தில் பணியாற்றினேன்' என்ற வரியைவிட 'இந்தத் தொகுப்பை நான் ஒழுங்குபடுத்திப் பட்டியலிட்டேன், பட்டியல் இங்கே இருக்கிறது' என்று காட்ட முடிந்தால் எடை கூடும்.

ஆகவே சேருவதற்கு முன்பே ஒரு மின்னஞ்சல் எழுதிவிடுங்கள். மூன்று விஷயம் கேளுங்கள். எனக்கு யார் மேற்பார்வை, வாரத்தில் எத்தனை நேரம் அவர் என்னோடு உட்காருவார்? ஒரு சிறிய தொகுப்பை, இரண்டு மூன்று பெட்டி போதும், தொடக்கத்திலிருந்து முடிவுவரை எனக்கே தர முடியுமா? அந்தப் பட்டியலில் தயாரித்தவர் என்று என் பெயர் போடுவீர்களா? சம்பளமோ உதவித்தொகையோ உண்டா என்பதையும் கூச்சப்படாமல் கேளுங்கள். எட்டு வாரமும் சும்மா உழைக்கச் சொல்லி, கற்றுக்கொடுக்க ஆளும் இல்லை என்றால் அதற்குப் பெயர் இன்டர்ன்ஷிப் இல்லை. அந்த இடத்தை மட்டும் விட்டுவிடலாம் என்பது என் கருத்து. உங்கள் சீனியருக்கு வந்த சலிப்பும் அநேகமாக இப்படி வந்ததுதான்: நூறு பெட்டியிலிருந்து யாரோ எடுத்துக் கொடுத்த தாள்களில் ஸ்டேப்பிள் பிடுங்கியிருப்பார், எந்தத் தொகுப்பும் எங்கே ஆரம்பித்து எங்கே முடிகிறது என்று பார்க்கும் வாய்ப்பு அவருக்குக் கிடைத்திருக்காது.

தொகுப்பு கைக்கு வந்ததும் முதல் இரண்டு நாள் எதையும் நகர்த்தாதீர்கள். ஒவ்வொரு பெட்டியாகத் திறந்து, எது எதற்கு மேலே இருந்தது, எந்தக் கட்டில் என்ன நூல், உறையின் மேல் என்ன எழுதியிருக்கிறது என்று நோட்டில் எழுதுங்கள். அனுமதித்தால் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பென்சில்தான், பேனா கூடாது. 2பி மாதிரி மென்மையான பென்சில் நல்லது. அந்தத் தொகுப்பை உருவாக்கியவர் யார், அவருடைய ஒரு நாள் எப்படி ஓடியிருக்கும் என்று அதிலிருந்தே ஒரு பக்கம் எழுதிப் பாருங்கள். எட்டாவது வாரம் வேலை முடியாமல் நிற்கலாம், பெரும்பாலும் நிற்கும். அப்போது எதுவரை முடித்தீர்கள், எந்த ஃபோல்டரில் சந்தேகம் இருக்கிறது, எந்த இடத்தில் நீங்கள் வரிசையை மாற்றினீர்கள், ஏன் என்று ஒரு தாளில் எழுதி, தேதி போட்டு, முதல் பெட்டியில் மேலாக வைத்துவிட்டு வாருங்கள். அடுத்த கோடையில் அந்தப் பெட்டியைத் திறக்கப்போகிற மாணவர் முதலில் படிப்பது அந்தத் தாளைத்தான்.